ஈசாவுக்கு ஏது வீடு

மாவட்டச் சிறை
நவம்பர் 20

அன்புள்ள ஃபஸ்னா ராத்தாவுக்கு, ஈசா எழுதுகிறேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

இதைப் பிரித்துப் படிப்பீர்களா, கவரோடு மஸ்கட்டில் உங்கள் ரூவி வீட்டுக் குப்பைத்தொட்டிக்குள் போடுவீர்களா தெரியாது. படித்தாலும் முதலில் படிக்கிற ஆள் நீங்கள் இல்லை. ஜெயிலர் படித்து, முத்திரை குத்தி, அதற்குப் பிறகுதான் உங்களுக்கு. அதனால் யாரையும் திட்டி எழுத முடியாது. என் குணத்துக்கு அதுவே பெரிய தண்டனைதான்.

ஆகஸ்டில் "எனக்குத் தம்பியே இல்ல"ன்னு போனை வைத்தீர்கள். உங்கள் கோபம் நியாயம். ஹசன் அலி மச்சான் தன் கடையிலேயே வேலை போட்டு, அலைந்து திரிந்து விசா எடுத்தார். விமானம் ஏற வேண்டிய அன்று நான் பைபாஸ் ரோட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஏன் உட்கார்ந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

நம் தெருப் பள்ளிக்கூடத்தில் உம்மா ஓட்டுப் போட்ட பூத் இப்போது அங்கே இல்லை. போன தேர்தலிலேயே பைபாஸுக்கு அந்தப் பக்கம், பழைய உப்புக் குடோன் பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். அங்கே சிக்னல் கிடையாது, லாரி நிற்காது. நம் தெருப் பெண்களும் குப்பத்துப் பெண்களும் பாதிப் பேர் போகவில்லை. என் ஒரு ஆட்டோ எத்தனை நடை அடிக்கும்? நம் தெருவும் குப்பமும் சேர்ந்து ஓட்டுப் போட்டால் இந்தப் பக்கம் யார் ஜெயிப்பது என்பதே மாறும். அது தெரிந்தவர்கள்தான் பூத்தைத் தூக்கினார்கள் என்று நான் நினைக்கிறேன். மனு கொடுத்தோம், பதில் இல்லை. உட்கார்ந்தோம். யாரோ ஒரு பஸ் கண்ணாடியை உடைத்தான். மனுவில் முதல் பெயர் என்னுடையது என்பதால் வழக்கிலும் முதல் பெயர் என்னுடையது.

மற்றவர்கள் ஜாமீனில் போய்விட்டார்கள். எனக்கு ஊரில் சொந்த வீடு உள்ள இரண்டு பேர் ஜாமீன் நிற்க வேண்டும். என் கூட்டாளிகள் ஓடி வந்தார்கள், நல்ல பிள்ளைகள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் எல்லாம் பெண்டாட்டி பெயர். நம் ஊரில் எந்த ஆம்பளைக்கு வீடு இருக்கிறது? நிக்காஹ் அன்றைக்கே வீடு பெண்ணுக்குப் போய்விடுகிறது. அந்தப் பெண்கள் கோர்ட் வாசல் மிதித்ததில்லை. எனவே நான் இங்கே இருக்கிறேன்.

ஜாமீன் கேட்டு எழுதவில்லை. வேறு ஒரு சின்ன உதவி. வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்க டீச்சரம்மா ஒருவர் வீடு வீடாக வருகிறார். நம் வீடு பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டு அஸ்மத் பீவி மாமிக்கு ஒரு போன் போட்டு, ஈசா இங்கே குடியிருப்பவன்தான் என்று சொல்லச் சொல்லுங்கள். அவ்வளவுதான்.

உங்கள் தம்பி (நீங்கள் இல்லை என்றாலும்),
ஈசா


ரூவி
டிசம்பர் 7

ஈசாவுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

கவரைப் பிரித்துப் படித்தேன். குப்பைத்தொட்டி நாலு மாடிக்குக் கீழே இருக்கிறது, லிஃப்டும் கெட்டுப்போயிருக்கிறது, அதனால்தான் என்று வைத்துக்கொள். பதிலை ஊருக்குப் போகிற ஆள் கையில் கொடுத்து விடுகிறேன். அஸ்மத் மாமி மனுப் போட்டு உன்னைப் பார்க்க வரும்போது தருவார்கள்.

ஏன் உட்கார்ந்தாய் என்று நான் கேட்கவில்லையாம். நீ வருவாய் என்று இந்த வீட்டில் ஹாலை ஒதுக்கி, கட்டில் வாங்கிப் போட்டு, உனக்குப் பிடிக்கும் என்று மாசிக் கருவாடு வரவழைத்து வைத்திருந்தேன். மஸ்கட் ஏர்போர்ட்டில் நானும் மகள் ருமைஸாவும் எல்லாரும் வெளியே வந்து முடிகிறவரை நின்றோம். கடைசியில் துடைப்பத்தோடு ஒரு பங்களாதேஷ்காரன் வந்து "மாஃபி, மாஃபி, கலாஸ்", யாரும் இல்லை, முடிந்துவிட்டது என்று கையை ஆட்டினான். அதை நீ கேட்டாயா?

உனக்குச் சொன்னால் புரியாது. மச்சான் காலையில் கடைக்குப் போனால் மதியம் சாப்பிட்டுத் தூங்க வருவார், மறுபடி போவார். ருமைஸா என்னிடம் தமிழில் கேட்டால் பாதி, மீதி இங்கிலீஷ். நான் பதில் சொல்வதற்குள் அவள் அறைக்குப் போய்விடுவாள். எதிர் வீட்டு சீதாலட்சுமி அக்கா லீவில் ஊருக்குப் போனால் நாள் முழுக்க வாய் திறக்க ஆளில்லை. பால்கனியில் நின்றால் மொட்டை மலை தெரியும். அதைப் பார்த்து எவ்வளவு நேரம் நிற்பது? என்னுடைய ஆள் என்று ஒருத்தன் வருகிறான் என்று இருந்தேன். நீ ரோட்டில் உட்கார்ந்துவிட்டாய்.

நீ கேட்ட உதவி ஏற்கனவே முடிந்தது. உன் கடிதம் வருவதற்கு முந்தியே அந்த டீச்சரம்மா வந்திருக்கிறார். அஸ்மத் மாமி வீடியோ காலில் என்னைக் கூப்பிட்டுப் போனை அவர் கையில் கொடுத்தார்கள். "ஈசா வீடு இதுதானா?"ன்னு கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் சொன்னேன்: "ஈசாவுக்கு ஏது வீடு? இது என் வூடு. எங்க உம்மா எனக்குக் கொடுத்தது." பொய்யா சொன்னேன்? நம் ஊரில் ஆம்பளைக்கு வீடு பெண்டாட்டி வீடுதான். காலத்தோடு கல்யாணம் பண்ணியிருந்தால் உனக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அவர் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

சாப்பாடு எப்படி? மாத்திரை போடுகிறாயா?

ஃபஸ்னா


மாவட்டச் சிறை
ஜனவரி 3

ராத்தாவுக்கு,

வக்கீல் தாரிணி மேடம் வந்தார். பட்டியலில் என் பெயர் இல்லை. காரணம், இந்த முகவரியில் குடியிருப்பவர் அல்ல. வீட்டின் உரிமையாளரே சொன்னதாக எழுதியிருக்கிறார்களாம். உங்கள் பெயரும் போய்விட்டது, வெளிநாட்டில் இருப்பவர் என்று. நம் கதவு எண்ணுக்கு நேரே இப்போது யாருமே இல்லை.

நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உம்மா மவுத்தான பிறகு அந்த வீட்டில் தினம் விளக்குப் போட்டவன் நான். கூரை ஒழுகினால் ஏறியவன் நான். அப்போதெல்லாம் ராத்தா வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றுதான் நினைத்தேன், என் வீடு என்று நானே நினைத்ததில்லை. அதை அரசாங்கம் எழுதிக் காட்டியபோதுதான் வலித்தது.

இங்கே கார்மேகம் என்று ஒரு அண்ணன் என் பக்கத்தில் படுக்கிறார். இளவயதில் ஒரு அடிதடியில் தண்டனை அனுபவித்து வெளியே போனவர். இப்போது வேறொரு வழக்கில் விசாரணைக் கைதி. வெளியே போன நாளிலிருந்து ஒரு தேர்தலிலும் ஓட்டுப் போடவில்லையாம். "ஜெயிலுக்குப் போனவனுக்கு ஓட்டு ஏதுப்பா"ன்னு சிரிக்கிறார். யார் சொன்னது என்று கேட்டால், எல்லாரும் சொன்னார்கள் என்கிறார். தாரிணி மேடம் அவருக்கு விளக்கினார்: உள்ளே இருக்கும்வரைதான் முடியாது, குற்றம் நிரூபிக்கப்படாத என்னைப் போன்றவனுக்கும் முடியாது. வெளியே போய்விட்டால், ஜாமீனில் போனாலும்கூட, பெயர் இருந்தால் போடலாம். கார்மேகம் அண்ணன் அதையே திரும்பத் திரும்ப அவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். இத்தனை வருசம் யாரோ சொன்னதை நம்பி வீட்டிலேயே உட்கார்ந்திருந்துவிட்டார்.

எனக்கு இங்கே அடி உதை எதுவும் இல்லை. ஆனால் தனியாக இருக்கிறது, ராத்தா. கூட்டத்துக்கு நடுவிலேயே படுத்துக்கொண்டு தனியாக இருக்கிறது. மாத்திரை போடுகிறேன்.

ஈசா


ரூவி
ஜனவரி 22

என் தம்பி ஈசாவுக்கு,

உன் கடிதத்தை அடுப்படியில் நின்று படித்தேன். பாத்திரம் அடிப்பிடித்துக் கருகி, ருமைஸா வந்துதான் அடுப்பை அணைத்தாள். என் வாயில் வசம்பை வைத்துத் தேய்க்க வேண்டும். உன் மேல் இருந்த கோபத்தை அந்த டீச்சரம்மாவிடம் காட்டி உன் பெயரை நானே வெட்டிவிட்டேன்.

மச்சானிடம் சொன்னேன். "நீ உண்மையத்தானே சொன்னா, இதுல என்ன?"ன்னு முதலில் கேட்டார். பிறகு, "நான் ஓட்டுப் போட்டது ஒரே ஒரு தடவை, ஃபஸ்னா. அப்புறம் இங்க வந்துட்டேன். எம் பேர வெட்டினப்போ யாரும் எனக்குக் கடுதாசி கூடப் போடல"ன்னார். இத்தனை வருசத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. கடைக்குப் போகிற நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தார்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் பாஸ்போர்ட்டை வைத்துப் பெயர் சேர்க்கலாமாம். ருமைஸாதான் கம்ப்யூட்டரில் போட்டாள். "வேர் இஸ் யுவர் ஹோம், உம்மா?"ன்னு கேட்டுக்கொண்டே தட்டினாள். ஊர் முகவரி சொன்னேன். "தென் வாட் இஸ் திஸ்?"ன்னாள். பெயர் சேர்ந்தாலும் இங்கிருந்தே போட முடியாது, நேரில் வந்தால்தான் ஓட்டு. உனக்குச் சுவர், எனக்குக் கடல், அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒவ்வொருவனுக்கும் ஒரு கஃபீல் வேண்டும். இந்த ஆளுக்கு நான் பொறுப்பு என்று ஒரு அரபி கையெழுத்துப் போட்டால்தான் நாம் இந்த மண்ணில் நிற்கலாம். வந்த புதிதில் நமக்கு இந்தக் கேவலம் ஊரில் இல்லை என்று நினைப்பேன். இப்போது பார்த்தால் உன் சொந்த ஊரில் உனக்கு ஒரு கஃபீல் கிடைக்கவில்லை. வீடு என் பெயரில்தானே இருக்கிறது? நான் நிற்கலாமா என்று அந்த வக்கீலம்மாவைக் கேள். அவர் நம்பரையும் அனுப்பு.

வருவேன் என்று சொல்லவில்லை. ருமைஸாவுக்குப் பரீட்சை வருகிறது. மச்சானைத் தனியே விட்டால் தோசைக் கல்லைத் தேடவே ஒரு வாரம் ஆகும். கேட்டு மட்டும் எழுது.

ராத்தா


மாவட்டச் சிறை
பிப்ரவரி 26

ராத்தாவுக்கு, நோன்பு வாழ்த்துகள்.

நீங்கள் நிற்கலாம். ஆனால் நேரில் வர வேண்டும், இன்னொரு ஆளும் வேண்டும். என் பெயரைத் திரும்பச் சேர்க்க அஸ்மத் மாமி கையில் மனு கொடுத்தனுப்பிவிட்டேன். அதற்கு விசாரிக்க வருவார்களாம். அப்போது வீட்டில் ஆள் இருந்து சொல்ல வேண்டும்.

வராதீர்கள் என்று இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ருமைஸா பரீட்சை, மச்சான், செலவு எல்லாம் எனக்கும் தெரியும். இங்கே நோன்பு திறக்கக் கஞ்சி தருகிறார்கள், தண்ணீர் மாதிரி இருக்கும். கார்மேகம் அண்ணன் இந்து. ஆனாலும் பாங்கு சொல்லும்வரை தன் தட்டைத் தொடாமல் எனக்காக உட்கார்ந்திருந்தார். போன வாரம் அவருக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. இப்போது கஞ்சியைத் தனியாகக் குடிக்கிறேன்.

ராத்தா, முடிந்தால் வாருங்கள்.

ஈசா


ரூவி
மார்ச் 23

ஈசா,

பெருநாள் தொழுகை முடிந்து மச்சான் வந்தார். பிரியாணியை நான் தட்டில் போட, அவர் சட்டைப் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "கடையில ஒரு பையனுக்கு விசா எடுத்தேன், அவன் வரல. அவனக் கூட்டி வர முடியாட்டியும் வெளிய எடுத்து வுட்டுட்டு வா. ஓட்டையும் போட்டுட்டு வா, எனக்கும் சேத்து"ன்னார். நான் அழுதேன். ருமைஸா போட்டோ எடுத்தாள், கழுதை.

பரீட்சை முடிந்துவிட்டது. தோசைக் கல் இருக்கும் இடத்தை இரண்டு பேருக்கும் காட்டிவிட்டேன். எதிர் வீட்டு சீதாலட்சுமி அக்காவின் வீட்டுக்காரர் ஸ்ரீனிவாசன், "ஒரு ஓட்டுக்காகவா இவ்வளவு தூரம்?"ன்னு கேட்டார். படித்தவர், பெரிய கம்பெனியில் இருப்பவர், அவரிடம் எனக்கு வாதாடத் தெரியாது. "எங்க வீட்டுல ரெண்டு ஓட்டு, சார்"ன்னு மட்டும் சொன்னேன்.

வருகிறேன்.

ராத்தா


நம் வீடு
ஏப்ரல் மாதம், நான் புறப்படுகிற காலை

என் தம்பி ஈசாவுக்கு,

இதை மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். நீ வந்து படிக்க வேண்டும். ஜெயிலில் உன்னைப் பார்க்க வந்தபோது எதுவும் பேச முடியவில்லை. வலைக் கம்பிக்கு அந்தப் பக்கம் உன் தாடியைப் பார்த்ததும் நான் அழ ஆரம்பித்து, நீ "சாப்டீங்களா ராத்தா"ன்னு கேட்டு, அதற்குள் நேரம் முடிந்தது என்று மணி அடித்துவிட்டார்கள்.

முதலில் உன் பெயரைச் சொல்லிவிடுகிறேன். நான் வந்திறங்கிய வாரமே விசாரிக்க அந்த டீச்சரம்மாவே வந்தார். நல்ல பெண். வெயிலில் முகம் கறுத்துப்போய் வந்தவருக்கு மோர் கொடுத்தேன். பழைய தாளை எடுத்து அதே கேள்வியைக் கேட்டார். "ஈசா வீடு இதுதானா?" அஸ்மத் மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "இதுதான். என் பேர்ல இருக்கு, ஆனா அவன் வூடு இதுதான். எங்கயும் போகல, கூடிய சீக்கிரம் வந்துருவான்"ன்னு சொன்னேன். "அன்னிக்கு வேற மாதிரி சொன்னீங்களே?"ன்னார். "அன்னிக்கு கோவத்துல இருந்தேன், டீச்சர்"ன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார். கடைசிப் பட்டியலில் என் பெயருக்குக் கீழே உன் பெயர் இருக்கிறது, ஈசா. வீட்டு எண்ணும் ஒன்றுதான்.

ஜாமீனுக்கு இன்னொரு ஆள் யார் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். ஒருநாள் அஸ்மத் மாமி தன் வீட்டு வரி ரசீதோடு வந்து நின்றார்கள். உன்னைப் பார்க்க ஜெயிலுக்கு வந்தது தவிர, தன் வாப்பா மவுத்துக்குக்கூடத் தெரு முனையைத் தாண்டாத மாமி. "நீ என்னத்த ரோசிக்கிறா? நானும் வூடு உள்ளவதானே"ன்னாங்க. இரண்டு பேரும் புர்காவைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனோம். எங்கள் வீட்டு மதிப்புக்குத் தாலுகா ஆபீஸ் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். தாலுகா ஆபீஸில் எல்லாரும் தேர்தல் வேலையில் இருக்கிறார்கள், முடிந்ததும் வாருங்கள் என்றார்கள். நீ ஓட்டுப் போட வேண்டும் என்று நான் ஓடி வந்தால், ஓட்டு வேலையே உன்னை உள்ளே வைத்துவிட்டது. தாரிணி மேடம் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். ஆபீஸ் வாசலில் நின்று அழுததுதான் மிச்சம்.

அந்த அழுகையோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தேன். உன் ஆட்டோ வாசலில் தார்ப்பாயோடு நின்றது. பார்க்கப் பார்க்க ஆத்திரம் வந்தது. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினேன். "வண்டி ஓட்டுறவன் உள்ள இருக்கான், அதனால நடந்து போவோம்"ன்னேன். தேர்தல் அன்று காலையில் வாசலுக்கு வந்தபோது பத்துப் பேர் வந்தால் பெரிது என்று நினைத்தேன். தெருவே நின்றது. குப்பத்துப் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். பைபாஸில் எல்லாரும் கையைக் கோத்துக்கொண்டு ஒன்றாக இறங்கினோம். லாரிகள் நின்றன, ஈசா. ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு நின்றன. உப்புக் குடோன் வாசலில் வரிசை ரோடு வரைக்கும் நீண்டது. உள்ளே போய்ப் பொத்தானை அமுக்கினேன். மச்சானையும் நினைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் முறுக்கு மீசையோடு ஒருவர் வாசலில் வந்து நின்று மை வைத்த விரலை நீட்டினார். கார்மேகம் என்றார். அவர் ஊரில் பட்டியலில் பெயர் இருந்ததாம், இத்தனை வருசமும் இருந்ததாம். "தம்பி வந்தா சொல்லுங்க, போட்டுட்டேன்னு"ன்னார். டீ கூடக் குடிக்கவில்லை. திரும்பிப் போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார்.

சான்றிதழ் நேற்றுக் கிடைத்தது. நானும் மாமியும் கையெழுத்துப் போட்டோம். உத்தரவு ஜெயிலுக்குப் போய்ச் சேர நாளைக்கு ஆகும் என்கிறார்கள். எனக்கு இன்றைக்கு விமானம். லீவு முடிந்தது, ருமைஸாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. ஒருநாள் தள்ளிப்போட முடியுமா என்று மச்சானிடம் கேட்டேன். சீட்டு இல்லை. நீ வரும்போது வாசலில் நான் நிற்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் செய்தேன். அது மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை.

மாசிக் கருவாடு டப்பாவில் இருக்கிறது. ரூவியிலிருந்து கொண்டுவந்தேன். ஊரிலிருந்து ரூவிக்குப் போன கருவாடு திரும்ப ஊருக்கே வந்துவிட்டது. நீயும் அப்படி வந்துவிடு.

உன் கஃபீல்,
ஃபஸ்னா ராத்தா


மே 9

அன்புள்ள ராத்தாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

போனில் பேசினால் நாம் சண்டைதான் போடுவோம், இல்லாவிட்டால் அழுவோம். அதனால் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் முத்திரை இல்லை, பார்த்தீர்களா? முதல் ஆளாகப் படிக்கிறவர் நீங்கள்தான்.

யார் ஜெயித்தார்கள் என்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். நாம் நினைத்த ஆள் இல்லை, பழைய ஆளேதான். ஆனால் இவ்வளவு குறைந்த வித்தியாசத்தில் அவர் ஜெயித்ததில்லையாம். மறுநாளே நம் தெருவுக்கு வந்தார். பெண்களைப் பார்த்துக் கும்பிட்டு, அடுத்த தேர்தலுக்குள் பூத்தைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுவரச் சொல்லி எழுதுகிறேன் என்றார். "எழுதுன தாளக் கொண்டாந்து காட்டுங்க"ன்னு அஸ்மத் மாமி சொன்னாங்க. கோர்ட்டுக்குப் போய்வந்ததிலிருந்து மாமியின் பேச்சே மாறிவிட்டது.

நான் வந்த அன்றைக்கு வீட்டில் யாரும் இல்லை என்று தெரியும். தெரிந்தும் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். சாவியை மாமியிடம் கொடுத்திருப்பதாக யாரும் சொல்லவில்லை, ஆனால் வேறெங்கே கொடுப்பீர்கள்? அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து "யாரு?"ன்னாங்க. சின்ன வயதிலிருந்து அந்தக் கேள்விக்கு நான் ஒரே பதில்தான் சொல்வேன், உங்களுக்குத் தெரியும்: "ஃபஸ்னா தம்பி, மாமி." அன்றைக்கும் அதுதான் வாயில் வந்தது. சொல்லவில்லை.

"ஈசா, மாமி. பக்கத்து வூட்டுக்காரன். சாவி கொடுங்க"ன்னேன்.

கதவைத் திறந்து விளக்குப் போட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்தேன். கருவாட்டைப் பொரித்து, என்னையறியாமல் உங்களுக்கும் சேர்த்து இரண்டு தட்டு எடுத்துவிட்டேன். ஒன்றைத் திரும்ப வைக்க மனசு வரவில்லை. அது இன்னும் மேசையில்தான் இருக்கிறது. அடுத்த தேர்தலுக்காவது வாருங்கள். வண்டி ரெடியாக இருக்கும்.

உங்கள் தம்பி,
ஈசா